அமெரிக்கப் பண்ணைகளுக்கு அரசு தரும் பணம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயோவாவில் மக்காச்சோளம் போடுகிறவருக்கும் தெற்கு டகோட்டாவில் மாடு வளர்க்கிறவருக்கும் அரசாங்கப் பணம் போகிறது என்பது பலருக்கும் தெரியும். யாருக்கு, எதற்காக, எந்தக் கணக்கில் என்று கேட்டால்தான் ஆளுக்கொரு பதில் வருகிறது. “அமெரிக்காவில் மானியமே கிடையாது, எல்லாம் சந்தைதான்” என்பார் ஒருவர். “அங்கே விவசாயி சும்மா உட்கார்ந்திருந்தாலே காசு” என்பார் இன்னொருவர். முதல் ஆள் சொல்வது சுத்தப் பொய். இரண்டாவது ஆள் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. எவ்வளவு உண்மை என்பதைக் கீழே பார்க்கலாம்.

மொத்தத்தில் எவ்வளவு பணம் போகிறது?

ஆண்டுக்கு ஆண்டு ஏறி இறங்கும். சாதாரண ஆண்டில் நேரடிப் பணம் 1,000 கோடி டாலர் அளவில் இருக்கும். கொரோனா வந்த 2020இல் அது சுமார் 4,600 கோடி டாலரைத் தொட்டது. பயிர்க் காப்பீட்டுக்கு அரசு கட்டும் பிரீமியப் பங்கு இதில் சேராது, அது தனிக் கணக்கு.

இதை மொத்தப் பண்ணைகளின் எண்ணிக்கையால் வகுத்து ‘ஒரு விவசாயிக்கு இவ்வளவு’ என்று சொல்லும் பதிவுகளை நம்ப வேண்டாம். 2022 வேளாண் கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் சுமார் 19 லட்சம் பண்ணைகள் உள்ளன. ஆண்டுக்கு 1,000 டாலருக்கு விளைபொருள் விற்றாலே, விற்கும் அளவு கையில் இருந்தாலே, அங்கே அது பண்ணைதான். வீட்டுக்குப் பின்னால் நாலு குதிரையும் கொஞ்சம் வைக்கோலும் வைத்திருப்பவரும் 5,000 ஏக்கர்க்காரரும் ஒரே பட்டியலில் வருகிறார்கள். இதில் பாதிக்கும் மேற்பட்ட பண்ணைகளுக்கு ஒரு காசும் போவதில்லை.

இது எப்போது தொடங்கியது?

1933இல், பெருமந்தக் காலத்தில். விளைச்சல் அதிகம், விலை பாதாளத்தில். ரூஸ்வெல்ட் அரசு வேளாண் சரிக்கட்டல் சட்டம் கொண்டுவந்து, உற்பத்தியைக் குறைப்பவருக்குப் பணம் என்றது. அந்த ஆண்டு விதைப்பு ஏற்கெனவே முடிந்துவிட்டதால், நின்ற பருத்தியை உழுது மண்ணில் அழுத்தினார்கள். சுமார் 60 லட்சம் பன்றிகளை அரசு வாங்கிக் கொன்றது. செடியை மிதிக்காமல் நடக்கப் பழக்கப்பட்ட கோவேறு கழுதைகள் பருத்தி வரிசைமேல் ஏற மறுத்தன என்று அந்தக் காலத்துக் கதை ஒன்று உண்டு. ஊரெல்லாம் பசியில் இருந்தபோது நடந்ததால் மக்களுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

1936இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைத் தள்ளுபடி செய்தது. 1938இல் வேறு வடிவில் திரும்பி வந்தது. அப்புறம் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை ‘பண்ணைச் சட்டம்’ என்று ஒன்று வந்துகொண்டே இருக்கிறது. இப்போது நடப்பில் இருப்பது 2018 சட்டத்தின் தொடர்ச்சியும் 2025 ஜூலையில் வந்த பெரிய திருத்தங்களும்.

இன்னொரு விஷயம். பண்ணைச் சட்டத்துக்கு ஒதுக்கும் பணத்தில் முக்கால் பங்குக்கு மேல் ஏழைகளுக்கான உணவு உதவித் திட்டத்துக்குப் போகிறது. விவசாயிக்கான பகுதி மிச்சத்தில்தான்.

விலை விழுந்தால் அரசு ஈடு செய்யுமாமே, அது எப்படி?

பல திட்டங்கள் உண்டு. பிஎல்சி எனப்படும் விலை இழப்புத் திட்டத்தைப் புரிந்துகொண்டால் மற்றவை எளிது. ஒவ்வொரு பயிருக்கும் சட்டத்திலேயே ஒரு ஆதார விலை எழுதியிருக்கிறது. மக்காச்சோளத்துக்கு அது புஷலுக்கு (அங்கே தானியம் அளக்கும் அலகு) 3.70 டாலராக இருந்தது, 2025 திருத்தத்தில் 4.10 ஆனது. சோயா 8.40இலிருந்து 10 டாலர், கோதுமை 5.50இலிருந்து 6.35. நாட்டின் சராசரிச் சந்தை விலை இதற்குக் கீழே போனால் வித்தியாசத்தை அரசு தரும்.

எல்லா விளைச்சலுக்கும் தராது. ‘அடிப்படை ஏக்கர்’ என்று ஒன்று இருக்கிறது. அந்த நிலத்தில் முற்காலத்தில் என்ன பயிர் எத்தனை ஏக்கர் போட்டார்கள் என்ற பழைய பதிவு அது. நம்மூர் அடங்கலை ஏதோ ஒரு பழைய ஆண்டோடு உறைய வைத்து, இன்றைக்கும் அதைப் பார்த்துப் பணம் கொடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அடிப்படை ஏக்கரில் 85 சதவீதத்துக்குத்தான் கணக்கு.

ஒரு கணக்குப் போடுவோம். 100 மக்காச்சோள அடிப்படை ஏக்கர், பதிவில் உள்ள விளைச்சல் ஏக்கருக்கு 150 புஷல், ஆதார விலை 4.10, சந்தைச் சராசரி 3.90. 85 ஏக்கரை 150ஆல் பெருக்கினால் 12,750 புஷல். புஷலுக்கு 20 சென்ட் என்றால் 2,550 டாலர். இதில் பட்ஜெட் வெட்டு என்று 5.7 சதவீதம் பிடித்துக்கொண்டால் கைக்கு வருவது ஏறத்தாழ 2,400. ஒரு இலையுதிர் காலத்தில் அறுத்த சோளத்துக்கு இந்தப் பணம் அடுத்த ஆண்டு அக்டோபரில்தான் வரும். சந்தை ஆண்டு முடிந்து சராசரி தெரிய வேண்டுமே.

அந்த 100 ஏக்கரில் இந்த ஆண்டு நீங்கள் மக்காச்சோளமே போட்டிருக்க வேண்டியதில்லை. சோயா போடலாம், புல் விட்டுவிடலாம். பணம் பழைய பதிவுக்கு வருகிறது. ‘சும்மா இருந்தாலே காசு’ என்ற பேச்சு பிறந்த இடம் இதுதான்.

நிலம் குத்தகையில் இருந்தால் பணம் யாருக்கு?

ரொக்கக் குத்தகை என்றால் பணம் முழுக்கப் பயிர் செய்பவருக்கு. விளைச்சலைப் பங்கிடும் வாரக் குத்தகை என்றால் அந்தப் பங்கு விகிதத்தில் இருவருக்கும். காகிதத்தில் நியாயமாகத்தான் இருக்கிறது.

நடப்பில், அடுத்த ஆண்டு ஒப்பந்தம் பேசும்போது நிலக்காரர் அந்தப் பணத்தையும் கணக்கில் வைத்தே குத்தகையைக் கேட்பார். அமெரிக்கப் பயிர்நிலத்தில் பாதிக்கு மேல் குத்தகையில் ஓடுகிறது. ஆகவே மானியத்தின் ஒரு பகுதி குத்தகையாகவும், கடைசியில் நில விலையாகவும் மாறிவிடுகிறது. அடிப்படை ஏக்கர் நிலத்தோடு ஒட்டிக்கொண்டு கைமாறுவதால், அதிகப் பதிவுள்ள நிலத்துக்கு மதிப்பும் அதிகம். புதிதாக விவசாயத்துக்கு வரும் இளைஞருக்கு உதவுவதாகச் சொல்லும் பணமே அவர் நிலம் வாங்க முடியாதபடி விலையை ஏற்றுகிறது. இந்தத் திட்டங்களில் எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது இதுதான். வாங்குபவர் பணக்காரரா ஏழையா என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

விவசாயமே செய்யாதவர்களுக்கும் போகிறதாமே?

போயிருக்கிறது. 2000க்குப் பிறகான ஆறு ஆண்டுகளில் பயிரே செய்யாதவர்களுக்கு 130 கோடி டாலர் போனதாக 2006இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் எழுதியது. டெக்சஸில் பழைய நெல் வயல்களை வீட்டு மனைகளாகப் பிரித்து விற்றிருந்தார்கள். மனை வாங்கியவர் கொல்லைப்புறத்தில் புல் வெட்டிக்கொண்டிருக்க, ‘நெல் நிலம்’ என்ற பழைய பதிவுக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. சிலர் வேண்டாம் என்று சொல்லியும் வந்ததாம். அப்படிப் பணம் தந்த திட்டத்தை 2014 சட்டம் ஒழித்தது. அடிப்படை ஏக்கர் மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

இறந்தவர்கள் விஷயமும் உண்டு. 1999 முதல் 2005 வரை 1,72,801 இறந்தவர்களின் பெயரில் 110 கோடி டாலர் கொடுக்கப்பட்டதாக நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2007இல் சொன்னது. அத்தனையும் மோசடி இல்லை. சொத்துப் பாகம் பிரியும்வரை இறந்தவரின் சொத்துக் கணக்குக்குப் பணம் வாங்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் அதை ஆண்டுதோறும் சரிபார்க்க வேண்டிய அலுவலகங்கள் பல இடங்களில் பார்க்கவில்லை.

ஒருவர் இவ்வளவுதான் வாங்கலாம் என்று உச்சவரம்பு இல்லையா?

உண்டு. விலை, வருமான ஈட்டுத் திட்டங்களில் ஒருவருக்கு ஆண்டுக்கு 1,25,000 டாலர் என்றிருந்தது, 2025 திருத்தத்தில் 1,55,000 ஆனது. மூன்று ஆண்டுச் சராசரி வருமானம் 9 லட்சம் டாலரைத் தாண்டினால் பொதுவாகத் தகுதி இல்லை.

ஓட்டை எங்கே என்றால், உச்சவரம்பு ‘ஆளுக்கு’ என்பதில். நாலு பேர் கூட்டாகப் பண்ணை நடத்தினால் நாலு உச்சவரம்பு. குடும்பப் பண்ணையில் யார் யார் உறவினர் என்ற வரையறையை 2018 சட்டம் சித்தப்பா பிள்ளை, அண்ணன் மகன் வரை நீட்டியது. 2025 திருத்தம் எல்எல்சி எனப்படும் வரையறுத்த பொறுப்பு நிறுவனங்களுக்கும் கூட்டுப் பண்ணையைப் போலவே ஆளுக்கொரு வரம்பு தந்தது. பெரிய பண்ணைகளின் வக்கீல்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்!

மாடு வளர்க்கும் ராஞ்ச்களுக்கும் இதேபோல் ஆதார விலை உண்டா?

இல்லை. இறைச்சி மாட்டுக்கு ஆதார விலை கிடையாது. பல ராஞ்ச்காரர்கள் “நாங்கள் மானியத்தில் வாழ்பவர்கள் இல்லை” என்று பெருமையாகவும் சொல்வார்கள். அவர்களுக்குப் பணம் வருவது பெரும்பாலும் இயற்கை கைவிடும்போது.

முதலாவது வறட்சி. மேய்ச்சல் நிலம் காய்ந்தால் தீவனச் செலவில் 60 சதவீதக் கணக்கில் மாதத் தொகை தரும் எல்எஃப்பி திட்டம் இருக்கிறது. ஒவ்வொரு வியாழக்கிழமையும் வெளிவரும் வறட்சி வரைபடம் இதை முடிவு செய்கிறது. நெப்ராஸ்கா பல்கலைக்கழக மையமும் கூட்டாட்சித் துறைகளும் சேர்ந்து 1999 முதல் போடும் படம் அது. மஞ்சள் என்றால் வழக்கத்தைவிட வறண்ட நிலை, இன்னும் வறட்சி இல்லை. சிவப்பு என்றால் டி3 எனும் கடும் வறட்சி, கருஞ்சிவப்பு என்றால் டி4 எனும் மிக மோசமான வறட்சி. மேய்ச்சல் பருவத்தில் ஒரு கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) ஏதாவது ஒரு மூலையில் டி3 விழுந்தாலும் அந்தக் கவுண்டி முழுவதற்கும் மூன்று மாதத் தொகை. டி4 நாலு வாரம் நின்றால் ஐந்து மாதம். வேலிக்கு அந்தப் பக்கம் வேறு கவுண்டி என்றால், அங்கே புல் இதே அளவு காய்ந்திருந்தாலும் பணம் வராமல் போகலாம். அதனால்தான் வியாழன் காலையில் மாட்டுக்காரர்கள் வானத்தைப் பார்ப்பதற்கு முன் வரைபடத்தைப் பார்க்கிறார்கள்.

இரண்டாவது, மாடு செத்தால். எல்ஐபி திட்டம் புயல், கடும் குளிர், இடி போன்றவற்றால் வழக்கத்துக்கு மேல் இறக்கும் கால்நடைகளுக்குச் சந்தை விலையில் 75 சதவீதம் தரும். ஓநாய் போன்ற, சட்டம் பாதுகாக்கும் விலங்குகள் கொன்றால் 2025 திருத்தத்துக்குப் பிறகு முழு விலை.

இந்தத் திட்டம் ஏன் முக்கியம் என்பதற்குத் தெற்கு டகோட்டாவின் மேற்குப் பகுதியில் 2013 அக்டோபர் தொடக்கத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். மாடுகள் இன்னும் கோடை மேய்ச்சலிலேயே இருந்தன. குளிர்கால ரோமம் முளைக்கவில்லை. முதலில் மழை பெய்து உடம்பெல்லாம் நனைந்தது. பிறகு அதே நனைந்த உடம்பின்மேல் அட்லஸ் என்று பெயரிட்ட பனிப்புயல். காற்றோடு நடந்து போன மாடுகள் வேலி மூலையிலும் ஓடைப் பள்ளத்திலும் குவியலாகச் செத்துக் கிடந்தன. ஆயிரக்கணக்கில் இழப்பு. அந்த நேரம் பார்த்து எல்ஐபி திட்டம் 2011லேயே காலாவதியாகியிருந்தது, பண்ணைச் சட்டமும் புதுப்பிக்கப்படவில்லை. போதாக்குறைக்கு வாஷிங்டனில் அரசு முடக்கம் வேறு, இந்தப் பணங்களைக் கொடுக்கும் வேளாண் துறைக் கிளையான எஃப்எஸ்ஏவின் உள்ளூர் அலுவலகமே பூட்டிக் கிடந்தது. திட்டம் திரும்ப வந்தால் ஆதாரம் வேண்டுமே என்று, செத்த மாட்டைப் புதைக்கும் முன் காது அடையாள வில்லையோடு படம் எடுத்து, கால்நடை மருத்துவரிடம் எழுதி வாங்கி வைக்கும்படி ஆலோசனை சொன்னார்கள். 2014 பிப்ரவரியில் வந்த சட்டம் முன்தேதியிட்டு இழப்பீடு கொடுத்தது. அதுவரை கடன் கொடுத்தவர் காத்திருந்தாரா என்பது அவரவர் அதிர்ஷ்டம்.

அரசு நிலத்தில் மலிவாக மேய்க்கிறார்களே, அது மானியம் இல்லையா?

என் கணக்கில் மானியம்தான். மேற்கு மாநிலங்களில் கூட்டாட்சி நிலத்தில் ஒரு மாட்டையும் கன்றையும் ஒரு மாதம் மேய்க்க 2025இல் கட்டணம் 1.35 டாலர். 1986இல் அதிபர் ரீகன் போட்ட ஆணைப்படி இதற்குக் கீழே போகக் கூடாது. ஆண்டுக்கணக்கில் அந்தக் கீழ்வரம்பிலேயே நின்றது. தனியார் நிலத்தில் இதற்கே சராசரி 20 டாலருக்கு மேல் ஆகும். வேலி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் நாங்களே பராமரிக்கிறோம், தனியார் நிலத்தோடு ஒப்பிடக் கூடாது என்பது ராஞ்ச்காரர்கள் வாதம். அதில் நியாயம் உண்டு. ஆனால் 15 மடங்கு வித்தியாசத்தை அது விளக்காது.

பயிர்க் காப்பீட்டை ஏன் தனியாகச் சொல்கிறீர்கள்?

இன்றைக்குப் பெரிய தூண் அதுதான் என்பதால். காப்பீட்டை விற்பது தனியார் நிறுவனங்கள், பிரீமியத்தில் சராசரியாக 62 சதவீதத்தைக் கட்டுவது அரசு. மக்காச்சோளத்துக்குப் பிப்ரவரி மாத முன்பேர விலைச் சராசரியை வைத்து உத்தரவாதம் நிர்ணயிப்பார்கள். அறுவடைக் காலத்தில் விலை ஏறினால், அதிகம் பேர் எடுக்கும் பாலிசியில் உத்தரவாதமும் சேர்ந்து ஏறும்.

இந்தப் பிரீமிய உதவிக்கு ஆள்வாரி உச்சவரம்பு கிடையாது, வருமான வரம்பும் கிடையாது. யார் எவ்வளவு பெற்றார் என்று பெயரோடு வெளியிடுவதும் இல்லை. மற்றத் திட்டங்களில் பைசாவரை தெரியும்போது இங்கே மட்டும் திரை ஏன் என்று யாரும் சரியாகப் பதில் சொன்னதில்லை.

சீனாவுடன் வரிச் சண்டை வந்தபோது என்ன கொடுத்தார்கள்?

2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுக்கும் சேர்த்து சுமார் 2,300 கோடி டாலர். சீனா சோயா வாங்குவதை நிறுத்தியதால் 2018இல் சோயாவுக்குப் புஷலுக்கு 1.65 டாலர். மக்காச்சோளத்துக்கு ஒரு சென்ட். அச்சுப்பிழை இல்லை, ஒரு சென்ட்தான். 50,000 புஷல் சோயா வைத்திருந்தவருக்கு 82,500 டாலர், அதே அளவு சோளம் வைத்திருந்தவருக்கு 500. சோளக்காரர்கள் அந்தக் காசோலையைக் கண்ணாடிச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டலாம் என்று கிண்டல் செய்தார்கள். 2025 டிசம்பரில் மீண்டும் 1,200 கோடி டாலர் உதவி அறிவிக்கப்பட்டது.

காய்கறி, பழம் போடுகிறவர்களுக்கு?

ஆதார விலைத் திட்டங்களில் இடமில்லை. மக்காச்சோளம், சோயா, கோதுமை, நெல், பருத்தி, நிலக்கடலை, பருப்பு வகைகள் போன்றவைக்குத்தான் அது. தக்காளிக்காரருக்குக் காப்பீடும் பேரிடர் உதவியும் உண்டு.

உள்ளூரில் முடிவெடுப்பது யார்? பாகுபாடு நடந்ததாகப் படித்தேனே.

ஒவ்வொரு கவுண்டி அலுவலகத்துக்கும் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் குழு ஒன்று உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் தெற்கு மாநிலங்களில் அந்தக் குழுக்கள் பல பத்தாண்டுகள் வெள்ளைக்காரர்கள் கையிலேயே இருந்தன. கறுப்பின விவசாயியின் கடன் விண்ணப்பம் விதைப்பு முடிந்த பிறகு ‘பரிசீலிக்கப்படும்’. கறுப்பின விவசாயிகள் தொடுத்த பிக்ஃபோர்டு வழக்கில் 1999இல் அரசு சமரசத்துக்கு வந்து நூறு கோடி டாலருக்கு மேல் கொடுத்தது. 2010இல் இன்னொரு 125 கோடி. அதற்குள் பலர் நிலத்தை இழந்திருந்தார்கள்.

இதனால் நமக்கு என்ன பாதிப்பு?

பருத்தியைப் பாருங்கள். அமெரிக்கப் பருத்தி மானியத்தால் உலக விலை விழுகிறது என்று பிரேசில் 2002இல் உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டு வென்றது. அமெரிக்கா என்ன செய்தது? மானியத்தை நிறுத்தவில்லை. 2010 முதல் ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் பிரேசில் பருத்திக்காரர்களுக்குக் கொடுக்க ஒப்புக்கொண்டது. தன் விவசாயிக்குக் கொடுப்பதைத் தொடர அடுத்த நாட்டு விவசாயிக்கும் கொடுத்த கதை இது! 2014இல் 30 கோடி டாலரோடு வழக்கை முடித்தார்கள். ஆதார விலைத் திட்டத்திலிருந்து நீக்கியிருந்த பருத்தியை 2018இல் ‘கொட்டை நீக்காத பருத்தி’ என்று சேர்த்துக்கொண்டார்கள்.

2025 ஆகஸ்டில் இந்தியா பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியைத் தற்காலிகமாக நீக்கியபோது நூற்பாலைகள் வரவேற்றன, பருத்தி விவசாயிகள் எதிர்த்தார்கள். அப்போது வரி இல்லாமல் உள்ளே வந்த பஞ்சில் அமெரிக்கப் பஞ்சும் அடக்கம். அதை விளைவித்தவருக்கு விலை விழுந்தால் ஈடு உண்டு. நம் விவசாயிக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் பிஎம் கிசானும், கொள்முதல் நடந்தால் குறைந்தபட்ச ஆதரவு விலையும்.

எங்கள் பகுதிப் பண்ணைகளுக்கு எவ்வளவு வந்தது என்று பார்க்க முடியுமா?

முடியும். காப்பீடு தவிர்த்த பணம் பொது ஆவணம். என்விரான்மென்டல் வொர்க்கிங் குரூப் என்ற அமைப்பு 1995 முதலான பதிவுகளை ஊர், பெயர் வாரியாக இணையத்தில் வைத்திருக்கிறது. பார்க்கும்போது சில விஷயங்களைக் கவனியுங்கள். பெரிய எண் பெரும்பாலும் பல ஆண்டுகளின் கூட்டுத் தொகை. ஒரு பெயருக்குப் பின்னால் ஐந்து குடும்பங்களின் கூட்டுப் பண்ணை இருக்கலாம். முகவரி நிலம் இருக்கும் ஊராக இருக்க வேண்டியதில்லை, சிகாகோவில் இருக்கும் நிலக்காரராகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் கிரீன் கார்டோடு இருக்கிறேன், சின்னப் பண்ணை வாங்கினால் தகுதி உண்டா?

உண்டு. குடியுரிமை கட்டாயமில்லை, நிரந்தர வசிப்புரிமை போதும். முதலில் கவுண்டி எஃப்எஸ்ஏ அலுவலகத்துக்குப் போய்ப் பண்ணை எண் வாங்க வேண்டும். மேசையில் உங்கள் நிலத்தின் வான்படத்தை விரிப்பார்கள். எந்தத் துண்டில் என்ன பயிர், எந்தத் தேதியில் விதைத்தது என்று அதிலேயே குறித்துக் கையெழுத்துப் போட வேண்டும். பெரும்பாலான கோடைப் பயிர்களுக்குக் கடைசி நாள் ஜூலை 15. அரிக்கும் சரிவு நிலத்தை முறையின்றி உழ மாட்டேன், சதுப்பு நிலத்தை வடித்துப் பயிர் செய்ய மாட்டேன் என்று ஏடி-1026 படிவத்தில் உறுதி தர வேண்டும். அதை மீறினால் எல்லாப் பணமும் நிற்கும். வாங்கும் முன்பே அந்த நிலத்துக்கு எத்தனை அடிப்படை ஏக்கர் இருக்கிறது என்று கேட்டுவிடுங்கள். பூஜ்யமாகவும் இருக்கலாம்.

வரும் பணத்துக்கு வருமான வரி உண்டா?

உண்டு, பண்ணை வருமானமாகவே காட்ட வேண்டும். பயிர் சேதத்துக்கு வந்த காப்பீட்டுத் தொகையை, வழக்கமாக விளைச்சலை அடுத்த ஆண்டில் விற்பவராக இருந்தால், ஒரு ஆண்டு தள்ளிக் கணக்கில் காட்டலாம். வறட்சியால் வழக்கத்துக்கு மேல் மாடு விற்க நேர்ந்தாலும் இதேபோல் தள்ளிவைக்க வழி உண்டு. இரண்டையும் அந்த ஆண்டு வரித் தாக்கலின்போதே எழுதிக் கேட்க வேண்டும்.